கடற்கரைக் கூழுக்கு முன் பார்க்க வேண்டிய அட்டவணை

வெயில் எட்டிப் பார்த்ததும் எம்மவரின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுத்தான்: இந்தச் சனி, ஞாயிறு எந்தக் கடற்கரை? அடுத்த கேள்வி, யார் என்ன சமைத்துக்கொண்டு வருவது? ஒரு வீடு புட்டு, ஒரு வீடு மீன்குழம்பு, இன்னொரு வீடு ரோல்ஸ். சமையலறையுள்ள வீடொன்றை ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்தால் மாலையில் ஒடியல் கூழ். சாப்பாட்டை இவ்வளவு ஒழுங்காகத் திட்டமிடுகிறோம். ஆனால் அன்று கடல் எத்தனை மணிக்குப் பெருகும், எத்தனை மணிக்கு வற்றும் என்று பார்ப்பவர்கள் எம்மில் குறைவு.

ஊர்க் கடல் எம்மை அப்படிப் பழக்கிவிட்டது. யாழ்ப்பாணக் கரையோரத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. காரைநகர் கசூரினா கடற்கரையில் இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்தவர்கள் நாம். இங்குள்ள கடல் வேறு. தேம்ஸ் கழிமுகத்தில் இருக்கும் சவுத்எண்டில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வேறுபாடு 5 மீற்றரைத் தாண்டும். ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்குள் கடல் முழுதாக வற்றும். அடுத்த ஆறு மணித்தியாலத்துக்குள் திரும்பிவிடும். அங்குள்ள இறங்குதுறை 2 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடப்பதும் இதனால்தான். வற்றிய வேளையிலும் கப்பல்கள் வந்து அணைய ஆழம் வேண்டியிருந்தது. அந்தச் சேற்று வெளியில் தொலைவுக்கு நடந்துபோனால், பெருகும் நீர் பள்ளங்கள் வழியே வந்து எமக்குப் பின்னால் நிரம்பிவிடும்.

2016 ஓகஸ்ட் 24ஆம் திகதியை நாம் மறக்க முடியாது. லண்டனிலிருந்து கிழக்கு சசெக்ஸிலுள்ள கம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்குச் சென்ற 5 தமிழ் இளைஞர்கள் கடலில் உயிரிழந்தார்கள். அகன்ற மணல்வெளியும் ஆழமற்ற நீருமாக, பார்த்தால் அச்சம் தராத கரை அது. ஆனால் அங்கே மணல் திட்டுகளைச் சுற்றி நீர் வேகமாக ஏறும். அன்று அங்கே உயிர்காப்பாளர்கள் இருக்கவில்லை. அதற்குப் பின்னரே பணியில் அமர்த்தப்பட்டார்கள்.

ஆகவே எமது திட்டத்தை வற்றுப்பெருக்கு அட்டவணையிலிருந்து தொடங்குவோம். ஊரின் பெயரோடு ‘ரைட் ரைம்ஸ்’ என்று தேடினால் கைப்பேசியிலேயே கிடைக்கும். உயிர்காப்பாளர் எந்தக் கரையில், எந்த நேரத்தில் இருக்கிறார் என்பதையும் பார்த்து, சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டுமே குளிப்போம். நீர் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், தலையைப் பின்சாய்த்து மல்லாந்து மிதக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். கரையில் நிற்பவர் 999ஐ அழைத்துக் கரையோரக் காவல்படையைக் கேட்க வேண்டும்.

குளிப்பு நேரம் தெரிந்துவிட்டால் சாப்பாட்டு நேரம் தானாக வந்துவிடும். சவுத்எண்டில் பெருக்கு பகல் 1 மணிக்கு என்றால், அதற்கு முன்பின் இரண்டு மணித்தியாலந்தான் குளிக்கத் தோதானது. மற்ற நேரத்தை அருகிலுள்ள லீ-ஒன்-சீயில் கழிக்கலாம். லண்டன் பென்சேர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். பழைய லீயின் கரையோரக் கொட்டில்களில் மட்டியை அவித்து, ஓடு நீக்கி விற்பார்கள். ஆங்கிலேயர் வினாகிரியும் வெள்ளை மிளகுத்தூளும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் அப்படியும் ருசி பார்க்கட்டும். மிச்சத்தைக் கொண்டுவந்து, வெங்காயம், கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் தாளித்து, மட்டியைக் கடைசியில் போட்டுப் பிரட்டி இறக்குவோம். ஏற்கனவே அவிந்த மட்டியை அடுப்பில் நெடுநேரம் வைத்தால் ரப்பர் போலாகிவிடும். சேற்றில் நாமே பொறுக்கும் மட்டி மட்டும் வேண்டாம். கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

கூழுக்கு நண்டும் இறாலும் மீனும் வாங்க, பில்லிங்ஸ்கேட் சந்தை சனிக்கிழமை அதிகாலை 5 மணிக்கே திறந்துவிடும். வாங்கியதை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்படலாம். கடலுக்கு இறங்குமுன் ஒடியல் மாவை ஊறப்போட்டு, மேல்நீரை இரண்டு மூன்று தடவை வடித்து மாற்றினால் கசப்புப் போய்விடும். மாலையில் பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காயோடு நண்டு, இறால், மீனும் அவிந்தபின் மாவைக் கரைத்து விட்டு, அரைத்த மிளகாயும் பழப்புளியும் சேர்த்தால் கூழ் தயார். பனையோலைப் பிளா இங்கே கிடைக்காது. கிண்ணம் போதும்.

கூழின் பக்குவம் அம்மம்மாவுக்குத் தெரியும். கைப்பேசியில் அட்டவணை பார்க்கப் பேரப்பிள்ளைக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை இரவே இருவரையும் ஒரே மேசையில் இருத்திவிடுங்கள். எத்தனை மணிக்குக் கடல், எத்தனை மணிக்குக் கூழ் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.