பாதை மாறுகிறவர்கள் – 7: ராஜினாமாவுக்கு நாள் குறிப்பது

வேலையை மாற்றத் துணிச்சல்தான் வேண்டும் என்று மேடைப் பேச்சாளர்கள் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றாம் தேதி சம்பளம், ஐந்தாம் தேதி வீட்டுக்கடன் தவணை, ஜூன் வந்தால் ஸ்கூல் ஃபீஸ் என்று காலம் தள்ளுகிறவர் தயங்குவது கோழைத்தனத்தால் அல்ல, கணக்குத் தெரிந்ததால். அந்தக் கணக்கை இந்த வாரம் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருக்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 38. அங்கே சேர்ந்து நாலு வருஷம் ஏழு மாதம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 40,000 ரூபாய். பேக்கரி வைக்க ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர் கடையில் மாவு பிசைந்து, அடுப்படியில் நின்று தொழில் பழகிவிட்டார். ஒரு திங்கட்கிழமை மேலாளரோடு வாய்த்தகராறு. "இன்னிக்கே பேப்பர் போட்டுட்டு நாளைலேர்ந்து வரல" என்கிறார்.

பேப்பர் தாராளமாகப் போடட்டும். ‘நாளையிலிருந்து வரல’தான் வம்பு. நிரந்தர ஊழியர் ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டிக்கு 5 ஆண்டு தொடர்ச்சியான பணி வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே அது முழு ஆண்டுதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-ல் ஒரு வழக்கில் சொன்னது. கணக்கில் வருவது கடிதம் கொடுத்த நாள் அல்ல, கடைசி வேலை நாள். மூன்று மாத நோட்டீஸ் பீரியடைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினால் நம் பரிசோதகர் நாலு வருஷம் பத்து மாதத்தில் நிற்பார். ஒரு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, ஐந்து ஆண்டுக்குப் போட்டால் 1,15,384 ரூபாய். கடை அட்வான்ஸுக்கு ஆகும். நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டிவிட்டுக் கிளம்பினால் இரண்டு பக்கமும் நஷ்டம். எல்லா நிறுவனங்களும் அந்தத் தீர்ப்பை மனமுவந்து ஏற்பதில்லை. ஹெச்.ஆரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. முடியாது என்றால், இன்னும் இரண்டு மாதம் மேலாளரைச் சகித்துக்கொள்வதுதான் வழி. கோபத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்ன?

அடுத்தது பி.எஃப். அதை எடுத்து முதலாகப் போடத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். பழைய கம்பெனிகளின் சேவையும் சேர்த்து 5 ஆண்டு ஆகாமல் எடுத்தால் வரி உண்டு. அதோடு ஒட்டிய ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சேவை தேவை. அது நிரம்பாதவர்கள் பணமாக வாங்கிக்கொள்ளாமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கிக்கொள்ளலாம். பேக்கரி போணியாகாமல் நாளைக்கே வேறொரு தொழிற்சாலையில் சேர நேர்ந்தால், பழைய ஆண்டுகள் புதியவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

எனக்குப் பெரிய கவலை மருத்துவக் காப்பீடுதான். கம்பெனி பாலிசியில் நம் பரிசோதகரின் சர்க்கரை நோயுள்ள அப்பாவும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசி வேலை நாளோடு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும். வெளியில் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம் (2024-க்கு முன் அது 4 ஆண்டு). அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்க இடமுண்டு. ஏற்றுக்கொண்டால், குழு பாலிசியில் கழிந்த காலத்தைக் கழித்துக்கொள்வார்கள். வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். பார்ட்டி வைத்து, சால்வை போட்டு அனுப்பிய பிறகு யாரும் இதையெல்லாம் நினைவூட்ட மாட்டார்கள்.

சம்பளம் வரும்போதே அடுத்த தொழிலில் காலூன்றுவது நம் ஊருக்குப் புதிதல்ல. கே.பாலசந்தர் சென்னை ஏ.ஜி. ஆபீஸில் உத்தியோகம் பார்த்துக்கொண்டேதான் நாடகங்கள் போட்டுப் பெயர் வாங்கினார்; அவர் இயக்கிய முதல் படமான ‘நீர்க்குமிழி’ 1965-ல் வந்தது. சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயராக இருந்துகொண்டே நாவல் நாவலாக எழுதினார். பேரும் புகழும் வந்த பிறகும் வேலையை உதறிவிடவில்லை. கனவைத் துரத்து என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வீட்டில் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஏங்க, எத்தனை மாசத்துக்குக் கையில இருக்கு?" இதற்கு மாதங்களில்தான் பதில் சொல்ல வேண்டும்; நம்பிக்கையில் சொல்லக் கூடாது. என் கணக்கில், கடை திறக்கும் செலவைத் தனியே வைத்துவிட்டு ஒரு வருஷ வீட்டுச் செலவாவது இருக்க வேண்டும். குறைந்தால் கடன்தான். அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. சம்பளச் சீட்டு உள்ளவரை நாற்காலி போட்டு உட்காரவைக்கும் வங்கி, சொந்தத் தொழில் என்றதும் இரண்டு மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கைக் கேட்கும். போன மாதம் கடை திறந்தவர் அதற்கு எங்கே போவார்? அடுத்த வாரம் வங்கிக்குப் போவோம்.