அப்பலாச்சிய மலைமக்கள்: கட்டுக்கதையும் உண்மையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதியில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடப்பது அப்பலாச்சிய மலைத்தொடர். இம்மலைகளைச் சார்ந்த வட்டாரம் 13 மாநிலங்களில் பரவியுள்ளது. மேற்கு வர்ஜீனியா மாநிலம் ஒன்றே முழுமையும் அதனுள் அடங்குவது.

இங்கு வாழும் மக்களைப் பற்றி வெளியார் மனத்தில் நெடுங்காலமாகப் பதிந்துள்ள படம் ஒன்றுண்டு. காலில் செருப்பில்லை, கையில் பழந்துப்பாக்கி, காட்டுக்குள்ளே திருட்டுச் சாராயம், தலைமுறை தலைமுறையாகக் குடும்பப் பகை, கல்வியும் இல்லை, உழைப்பும் இல்லை என்பதே அது. 1934-ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய 'லில் ஆப்னர்' போன்ற பத்திரிகைச் சித்திரக்கதைகள் மலைநாட்டாரை நகைப்புக்குரியவராக்கி இப்படத்தை நாடெங்கும் பரப்பின.

இதன் தோற்றுவாய் இன்னும் பழையது. 1873-இல் வில் வாலஸ் ஹார்னி என்பவர், 'லிப்பின்காட்ஸ்' சஞ்சிகையில் எழுதிய பயணக் கட்டுரையில், இது விந்தையான நாடு, இவர்கள் வேறுபட்ட மக்கள் என்றார். 1899-இல் கென்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரியின் தலைவர் வில்லியம் குடெல் பிராஸ்ட், இம்மலைமக்கள் நம் காலத்தில் வாழும் நம் மூதாதையர் என்று எழுதினார். அவர்களின் கல்விக்கு ஆதரவு திரட்டுவதே அவர் நோக்கம். எனினும், காலம் நின்றுபோன வெள்ளை இனத்தவர் மட்டுமே மலையில் வாழ்வதாக ஓர் எண்ணம் இதனால் வேரூன்றியது.

உண்மை வேறு. இம்மலைகள் செரோக்கி மக்களின் தாயகம். அவர்களுள் ஒருவரான செக்கோயா 1821-இல் தம் மொழிக்கு எழுத்து வகுத்தார். 1828-இல் அவ்வெழுத்தில் பத்திரிகையும் வெளிவந்தது. மலைநாட்டு இசையின் அடையாளமாகிய பாஞ்சோ, ஆப்பிரிக்க அடிமை மக்கள் கொணர்ந்த மரபில் பிறந்தது. பிராஸ்ட் தலைமை வகித்த கல்லூரியிலேயே கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகப் பயின்றனர். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த கார்ட்டர் உட்சன் என்னும் கறுப்பின இளைஞர் அங்கு 1903-இல் பட்டம் பெற்றார். பின்னாளில் புகழ்பெற்ற வரலாற்றாசிரியரானார். மறு ஆண்டே இரு இனத்தாரும் சேர்ந்து படிப்பதைக் கென்டக்கி அரசு சட்டமியற்றித் தடுத்தது.

அப்படியாயின் வறுமை பொய்யா? வறுமை மெய், அதற்குச் சொல்லப்பட்ட காரணமே பொய். உலகத் தொடர்பற்றவர்கள் என்று எழுதப்பட்ட அதே காலத்தில், இம்மலையின் நிலக்கரியும் மரமும் இரயிலேறி நகரங்களுக்குச் சென்றன. கென்டக்கியின் கிழக்கு மலைகளில் கம்பெனிகளின் முகவர்கள், ஏக்கர் அரை டாலருக்குக்கூட நிலத்தடிக் கனிமத்தின் உரிமையை எழுதி வாங்கினர். மேல்நிலம் மட்டும் உழவனிடம் இருந்தது. பிற்காலத்தில், இயந்திரங்களால் மேல்மண்ணையே பெயர்த்து நிலக்கரி எடுக்கும் முறை வந்தது. நிலக்காரரின் இசைவின்றியே அவ்வாறு தோண்ட அப்பத்திரங்கள் இடந்தருகின்றன என்று 1956-இல் மாநில உயர் மன்றம் தீர்ப்பளித்தது. தோட்டம் போயிற்று, ஓடையும் கெட்டது. உழைக்கத் தெரியாததால் ஏழையானான் என்ற பழியோ உழவன் தலையில் விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இவற்றை மலைமக்கள் வாய்மூடிப் பொறுத்திருக்கவுமில்லை. 1921-இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில், தொழிற்சங்க உரிமை வேண்டிப் பத்தாயிரம் தொழிலாளர் அளவில் ஆயுதமேந்தித் திரண்டனர். வெள்ளையர், கறுப்பர், ஐரோப்பாவிலிருந்து குடியேறியோர் ஆகிய மூவகையினரும் அவர்களுள் இருந்தனர். மத்திய அரசின் படை வந்த பின்னரே அப்போர் ஓய்ந்தது. கென்டக்கியில் நிலக்காரர்கள் பல்லாண்டு போராடினர். பத்திரம் எழுதிய காலத்தில் அவ்வட்டாரத்தில் வழங்கிய முறையில் மட்டுமே தோண்டலாம் என்னும் அரசியலமைப்புத் திருத்தத்தை 1988-இல் வாக்காளர் பேராதரவுடன் நிறைவேற்றினர்.

இத்தகைய கட்டுக்கதை இவ்வட்டாரத்துக்கும் புதிதன்று. மலாய்க்காரரும் ஜாவானியரும் பிலிப்பினோக்களும் சோம்பேறிகள் என்ற கூற்று, குடியேற்ற ஆட்சியின் நலனுக்கு எவ்வாறு துணைநின்றது என்பதைப் பேராசிரியர் சையத் உசேன் அலத்தாஸ் 1977-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒரு மக்கட் கூட்டத்தைச் சோம்பேறி என்றோ முரடர் என்றோ கேள்விப்படும்போது, அவர்கள் மண்ணின் செல்வம் யார் கைக்குப் போயிற்று என்று முதலில் கேட்பதே அறிவுடைமை.