சுவரும் வாசலும்: இரண்டு எகிப்திய நாவல்கள்

இந்த செமஸ்டர்ல நவீன அரபு இலக்கியத்தை விருப்பப் பாடமா எடுத்திருக்கேன். (அரபி தெரியாது. எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு உபயம்.) அதுல படிச்ச இரண்டு எகிப்திய நாவல்கள் மண்டைக்குள்ள உட்கார்ந்துகிட்டு எழுந்து போக மாட்டேங்குது. ரெண்டுமே நாசமாப் போன ஒரு சமூகத்தைக் கற்பனை பண்ற கதைகள். இந்த மாதிரி கதைன்னாலே நமக்கு ஆர்வெல் ஞாபகம்தான் வரும், எல்லாரையும் கண்காணிக்கிற அரசாங்கம். ஆனா முதல் நாவல்ல அரசாங்கம்னு ஒண்ணு இருக்கிறதாவே தெரியலை.

அது அகமது காலித் தவ்ஃபிக் எழுதின 'யுடோபியா'. 2008ல வந்தது. கதை நடக்கிறது 2023ல. எகிப்தின் வடக்குக் கடற்கரையில் பணக்காரங்க மட்டும் வாழ ஒரு ஊர், சுத்தி மதில், காவலுக்கு அமெரிக்கக் கடற்படை வீரர்கள். உள்ளே போதை மருந்து, அலுப்பு, மறுபடி போதை மருந்து. மதிலுக்கு வெளியே இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே பெயர்: 'மற்றவர்கள்'. உள்ளே இருக்கிற இளவட்டங்களுக்குப் பொழுதுபோக்கு என்ன தெரியுமா? வெளியே போய் ஒரு 'மற்றவனை' வேட்டையாடி, அவன் கையை வெட்டிட்டு வந்து நினைவுப்பொருளா வெச்சுக்கிறது.

பெயர் சொல்லாத ஒரு பணக்காரப் பையன் தன் தோழி ஜெர்மினலோடு அப்படிக் கிளம்பறான். (எமில் ஜோலா சுரங்கத் தொழிலாளிகளைப் பத்தி எழுதின நாவலோட பேரும் ஜெர்மினல்தான். அதை ஒரு கோடீஸ்வர வீட்டுப் பொண்ணுக்கு வெச்ச குசும்பை ரொம்ப ரசிச்சேன்.) போன இடத்துல ரெண்டு பேரும் மாட்டிக்கிறாங்க. ஜனங்க கையில கிடைச்சா கதை முடிஞ்சது. காப்பாத்தறவன் ஜாபிர். (எகிப்துக்காரங்க 'ஜ'வை 'க'ன்னு சொல்றதால ஆங்கிலத்துல கேபர் ஆயிடறான்.) படிச்சவன், வேலை இல்லாதவன், அந்தச் சேரியிலயும் புத்தகம் தேடிப் படிக்கிறவன். கதை வேட்டைக்காரன், இரை-ன்னு ரெண்டு பேர் குரலிலும் மாறி மாறிப் போகுது.

முடிவைச் சொல்லப் போறேன். நாவலைப் படிக்கிற எண்ணம் இருக்கிறவங்க அடுத்த பத்தியைத் தாண்டிடுங்க.

ஜாபிர் அவங்க ரெண்டு பேரையும் திரும்பப் போக வழிகாட்டி அழைச்சுட்டுப் போறான். பதிலுக்கு அந்தப் பையன் ஜாபிரோட தங்கச்சியை நாசம் பண்றான், அப்புறம் ஜாபிரையே கொன்னு கையை எடுத்துட்டுப் போறான். குற்ற உணர்வு? ம்ஹூம். கடைசியில 'மற்றவர்கள்' மதிலை நோக்கித் திரண்டு வராங்க, இவன் துப்பாக்கியைத் தூக்கறான். அவ்வளவுதான் கதை.

இலக்கியமா பார்த்தா முரட்டு எழுத்துதான். அந்தத் தங்கச்சி சஃபியா சீரழியறதுக்குன்னே படைக்கப்பட்ட மாதிரி இருக்கு, அது எனக்கு உறுத்தல். தவ்ஃபிக் அடிப்படையில் டாக்டர், தாந்தா ஊர்க்காரர். 1993லிருந்து பாக்கெட் சைஸ் பேய்க்கதைத் தொடர் எழுதி ஒரு தலைமுறையையே வாசிக்க வெச்சவர். (2020ல நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பாராநார்மல்' அந்தத் தொடர்தான். அதைப் பார்க்க அவர் இல்லை, 2018 ஏப்ரலில் காலமாயிட்டார்.) அந்த வேகம்தான் இதிலும்.

ஆனா நாவல்ல ஒரு உவமை வருது. அணு உலையில் வினை எல்லை மீறாம இருக்க நடுவுல கம்பிகளைச் செருகி வெச்சிருப்பாங்க இல்லையா, ஒரு நாட்டுல நடுத்தர வர்க்கம் அந்த வேலையைத்தான் பார்க்குதாம். உருவிட்டா வெடிக்கும். யுடோபியாவில் அந்த வர்க்கம் ஏற்கனவே செத்துப் போச்சு. ஜாபிர் அதோட மிச்சம். படிப்பு, மனசாட்சி, ஒருத்தனைக் கொல்லக் கை வராதது எல்லாம் அவன்கிட்ட இருக்கு. அதனாலேயே சாகறான்.

2008 எகிப்தைக் கொஞ்சம் பாருங்க. அந்த வருஷம் மானிய ரொட்டிக்குத் தட்டுப்பாடு. வரிசையில் அடிதடி, சாவு. ராணுவத்தை விட்டு ரொட்டி சுடச் சொன்னாங்க. ஏப்ரல் 6ல மகல்லா ஆலை நகரத்துல போராட்டம் வெடிச்சது. அதே காலத்துல கெய்ரோவுக்கு வெளியே 'டிரீம்லேண்ட்', 'பெவர்லி ஹில்ஸ்'னு பெயர் வெச்ச மதில் சூழ்ந்த குடியிருப்புகள். தவ்ஃபிக் பெருசா ஒண்ணும் கற்பனை பண்ணலை, மதிலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

இரண்டாவது, பஸ்மா அப்தெல் அஜீஸின் 'வரிசை' (2013). இவங்க மனநல மருத்துவர். ரெண்டு கதையும் டாக்டருங்க எழுதினது! நடுவுல 2011 புரட்சி வந்து போயிடுச்சு, அதனால பயமே வேற மாதிரி இருக்கு. இங்கே மதில் கிடையாது, 'வாசல்'னு ஒரு அதிகார பீடம். எதுக்கும் அதோட அனுமதி வேணும். ஆனா வாசல் திறக்கவே மாட்டேங்குது, வெளியே வரிசை மைல் கணக்கில் நீளுது. கலவரத்தில் குண்டடி பட்ட யஹ்யா, உடம்புல குண்டோடு அந்த வரிசையில் நிக்கிறான். அரசாங்கக் கணக்குப்படி யாரும் சுடவே இல்லை. அப்புறம் குண்டு எங்கிருந்து வரும்?

இந்த வரிசையில் வர்க்கமெல்லாம் கலந்து நிக்குது. ஆபீஸ் கூட்டிப் பெருக்கற உம் மப்ரூக், டீச்சர் இனேஸ், ஒரு பத்திரிகைக்காரர். உம் மப்ரூக் அங்கேயே டீ வியாபாரம் ஆரம்பிச்சுடறா. வருஷக்கணக்கா எங்கேயாவது காத்துக்கிட்டே இருந்தவளுக்கு இது புதுசில்லை போல. தடுமாறிப் போறது டீச்சர்தான்.

எனக்கு ஆனா முக்கியமான ஆள் டாக்டர் தாரிக். குண்டை எடுக்கத் தெரியும், கத்தி இருக்கு, நோயாளி முன்னாடி உட்கார்ந்திருக்கான். அனுமதிச் சீட்டு மட்டும் இல்லை. ராத்திரி ராத்திரியா யஹ்யாவோட கோப்பைத் திறந்து படிக்கிறார், மூடறார், திரும்பத் திறக்கிறார்.

வகுப்புல எல்லாரும் 'வரிசை'தான் உயர்ந்த படைப்புன்னு சொன்னாங்க. எழுத்தளவில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனா ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும்னு தோணுது. ஜாபிரும் தாரிக்கும் ஒரே வர்க்கம். ஒருத்தன் எல்லாம் இழந்த பிறகும் கை கொடுக்கறான், செத்துப் போறான். இன்னொருத்தருக்கு இழக்க இன்னும் வேலை இருக்கு, வீடு இருக்கு, அதனால கை நீளவே மாட்டேங்குது. கூடப் படிக்கிற எகிப்தியத் தோழிகிட்ட இதைச் சொன்னேன். அவள் வளர்ந்தது அந்த மாதிரி ஒரு மதிலுக்குள்ளதான். தாரிக்கைத் திட்டாதே, எங்க வீட்டுல எல்லாரும் தாரிக்தான்னா. அப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் காப்பியைக் குடிச்சுட்டு இருந்தோம்.

நாவல் சொன்ன 2023 வந்து போயிடுச்சு. அடுத்த வருஷம், 2024 பிப்ரவரியில், அதே வடக்குக் கடற்கரையில் ராஸ் அல் ஹிக்மாங்கிற இடத்துல புது நகரம் கட்ட, ஐக்கிய அரபு அமீரகத்தோட 35 பில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டாங்க.

அடுத்து முகமது ரபீயின் 'உதாரித்' கையில இருக்கு. 2025 கெய்ரோ, கெய்ரோ கோபுரத்து உச்சியில் இருந்து ஜனங்களைச் சுடற ஒரு முன்னாள் போலீஸ்காரன். ராத்திரி சாப்பிட்ட பிறகு படிக்க வேண்டாம்னு லைப்ரரில ஒருத்தர் எச்சரிச்சு அனுப்பினார்.