பட்டப்பெயர்களின் பயணம்: ஆங்கிலக் கொச்சை வழக்கில் மூன்று தமிழ்ச்சொற்கள்

முன்னுரை

தென்சென்னைப் புறநகரின் ஊர்ப்பெயர்கள் சில காலனியக் காலத் தொடர்புகளின் தடத்தைத் தாங்கி நிற்கின்றன. குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் குரோம்பேட்டை பெயர் பெற்றது. அதற்கு வடக்கேயுள்ள பரங்கிமலை, ஐரோப்பியரைத் தமிழர் சுட்டிய 'பரங்கி' என்னும் சொல்லால் அமைந்தது. தமிழர் அயலாருக்குப் பெயரிட்டது போலவே, ஆங்கிலேயரும் தமிழ்ச்சொற்களைத் தம் கொச்சை வழக்கில் பட்டப்பெயர்களாக்கினர். கடன்சொல் ஆய்வுகள் பெரும்பாலும் இச்சொற்களைப் பட்டியலிடுவதோடு அமைகின்றன. அவை கடல் கடந்தபின் அடைந்த பொருள்மாற்றத்தை மூன்று சொற்களின் வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிளகுத்தண்ணீரும் 'மல்'லும்

மிளகுத்தண்ணீர் ஆங்கிலத்தில் 'மல்லிகடானி' எனத் திரிந்து சூப்பு வகை ஒன்றன் பெயராயிற்று. அதன் முதலசையாகிய 'மல்', சென்னை மாகாண ஆங்கில அலுவலர்களைக் குறிக்கும் கேலிப்பெயராயிற்று. ஏவலரைக் கூவியழைக்கும் இந்துஸ்தானித் தொடரால் வங்காளத்தார் 'குவாய்-ஹை' எனவும், மீன் ஒன்றன் பெயரால் பம்பாயினர் 'டக்' எனவும் அழைக்கப்பட்டனர். இவற்றை 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி பதிவுசெய்துள்ளது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். அவ்வகையில் அவரும் ஒரு 'மல்'லே. உணவுப்பெயர் ஆளுக்கு ஆகிவந்த இவ்வழக்கில் இழிவு இல்லை. ஆள்வோர் தம்முள் பகிர்ந்த நகையே உண்டு. ஆட்சி நீங்கியதும் இப்பெயரும் வழக்கொழிந்தது.

கட்டுமரம்

சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் குறிப்பிடுகிறார். 1804இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் ஏவிய வெடிகலங்களுக்கு இப்பெயர் இடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டுக் கொச்சை வழக்கில் அது சண்டைக்காரப் பெண்ணைக் குறித்தது. பூனையைக் குறிக்கும் ஆங்கிலச்சொல்லின் ஒலி அதன் முதலில் அமைந்திருப்பது இதற்குத் துணைசெய்திருக்கலாம். இன்று அது இரட்டை உடற்பகுதி கொண்ட படகின் பெயர். மரங்களைப் பிணைத்துக் கட்டுதல் என்னும் மூலப்பொருள் ஆங்கிலம் பேசுவோர்க்குப் புலப்படுவதில்லை.

பறையர்

மூன்றாவது சொல்லின் நிலை வேறு. தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாக வைக்கும் பறையை அடியாகக் கொண்ட பெயர் 'பறையர்'. 'ஹாப்சன்-ஜாப்சன்'னும் பறையறைவோர் என்றே இதன் பொருளை உரைக்கிறது. ஆயினும், ஐரோப்பிய வழக்கில் இது 'விலக்கப்பட்டவர்' என்னும் பொதுப்பொருளை அடைந்தது. ஆங்கிலேயர் தெருநாய்க்கும் இப்பெயரை அடையாக்கினர். பெர்னார்தன் தெ சென்-பியேர் 1791இல் வெளியிட்ட பிரெஞ்சுக் கதை, இப்பெயருடைய மாந்தனை ஐரோப்பிய வாசகரிடம் கொண்டு சேர்த்தது. பின்னர் மாக்ஸ் வெபர் யூதர் பற்றிய சமூகவியல் விளக்கத்தில் இதனைக் கலைச்சொல்லாக்கினார். இன்று பன்னாட்டு அரசியலில் புறக்கணிக்கப்படும் நாடும் இச்சொல்லால் சுட்டப்படுகிறது.

'மல்' பெயர் பெற்றவர் அதனைக் களையவும் வல்லவராயிருந்தனர். இங்கோ, வாழும் மக்களின் பெயர் அவர்தம் இசைவின்றி உலகப் பொதுவசையாயிற்று. அவ்வாறு இழிக்கப்பட்ட பெயரையே இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குச் சூட்டினார். வசையாக்கப்பட்ட பெயரைத் தன்மதிப்பின் பெயராக மீட்ட செயல் அது.

முடிவுரை

உணவுப்பெயர் கேலியாகவும், கலத்தின் பெயர் வசையாகவும் பின்னர் வேறொரு கலத்தின் பெயராகவும், குலப்பெயர் பொதுவசையாகவும் மாறின. இம்மாற்றங்களைத் தீர்மானித்தது ஒலித்திரிபு மட்டுமன்று. பெயரிடுவோர்க்கும் பெயர் பெறுவோர்க்கும் இடையிலிருந்த அதிகார உறவுமாகும். எனவே, கடன்சொல் அகராதிகள் மூலப்பொருளுடன் கொச்சைப்பொருளையும் இன்றைய மதிப்புநிலையையும் பதிவுசெய்தல் வேண்டும். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவோர் மூன்றாம் சொல்லை ஒலிபெயர்க்காது, 'ஒதுக்கப்பட்ட நாடு' எனப் பொருளால் பெயர்த்தலே தக்கது. தமிழிலிருந்து சென்ற பெயர் வசையாகத் தமிழுக்கே திரும்பாமல் காப்பது சொல்லாய்வின் கடமையாகும்.