வந்தவர்களின் கணக்கும் வராதவர்களின் கணக்கும்



'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது ஒரு பாடம். வேலை விளம்பரங்களிலும் அந்தச் சொல் வருகிறது. ஆனால் கடை வைத்திருப்பவர்களும் சிறுதொழில் செய்பவர்களும் அது பெரிய கம்பெனிகளுக்கு உரியது என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அதன் பொருள் எளிதானதுதான். அன்றாடம் சேரும் கணக்கை ஒழுங்காகத் தொகுத்து, அதைப் பார்த்து அடுத்த முடிவை எடுப்பதே அது. முதலாளி மட்டும் இல்லாமல், கல்லாவில் இருப்பவர், சரக்கு எடுப்பவர் என எல்லோரும் "கணக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்கப் பழகிவிட்டால், அந்தப் பழக்கத்தைத்தான் 'தரவு சார்ந்த பண்பாடு' என்கிறார்கள்.

எழுதி வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். எழுதுவதில் நாம் குறை வைப்பதில்லை. எழுதியதைத் திரும்பப் படிப்பதிலும், எழுதாமல் விட்டதைத் தேடுவதிலும்தான் குறை இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. அது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை.

11 படுக்கையில் தொடங்கியது

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 58. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்திருந்தும் கண் ஆபரேஷன் செய்யப் பழகிக்கொண்டவர் அவர். பணம் கொடுக்க முடிந்தவர்களிடம் கட்டணம் வாங்கி, அந்த வருமானத்தில் ஏழைகளுக்கு இலவசமாக ஆபரேஷன் செய்வது அவருடைய முறை. உலகிலேயே மிக அதிகமாகக் கண் ஆபரேஷன் செய்யும் நிறுவனங்களில் ஒன்றாக இன்று அது வளர்ந்திருக்கிறது.

இந்த வளர்ச்சிக்கு டாக்டர்களின் திறமையும் தியாகமும் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை. அவற்றோடு கணக்குப் பார்க்கும் பழக்கமும் சேர்ந்திருந்தது. அதற்கு மூன்று சம்பவங்களைச் சொல்லலாம்.

முதல் கேள்வி: இலவசம் என்றும் ஏன் வரவில்லை?

தொடக்க காலத்தில் கிராமங்களில் கண் முகாம்கள் நடந்தன. கண்புரை இருக்கிறது, ஆபரேஷன் செய்தால் பார்வை வரும், பணம் தர வேண்டியதில்லை என்று முகாமில் சொல்லி அனுப்புவார்கள். ஆனாலும் பலர் ஆபரேஷனுக்கு வரவில்லை. "அறியாமை, வேறென்ன?" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யாமல், வராதவர்களிடமே போய்க் காரணம் கேட்டார்கள். அந்த ஆய்வை 1981-ல் டாக்டர் வெங்கடசாமியும் கிரிஜா பிரில்லியன்டும் வெளியிட்டார்கள்.

பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, கூட வர ஆள் இல்லாதது, ஆபரேஷன் என்றால் பயம் ஆகியவையே காரணங்களாக வந்தன. ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் மதுரை வரை போய்வருவது இலவசம் இல்லை! தினக்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அந்தச் செலவே பெரிய சுவர். இது தெரிந்த பிறகு, முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப் போவது, தங்க இடமும் சாப்பாடும் கொடுப்பது, ஆபரேஷன் முடிந்ததும் ஊருக்குக் கொண்டுவந்து விடுவது என்ற ஏற்பாடு முகாமின் நிரந்தரப் பகுதியாயிற்று.

இரண்டாவது கேள்வி: முகாமில் கூட்டம் இருந்தால் போதுமா?

முகாம்கள் பெருகின, ஒவ்வொன்றிலும் நல்ல கூட்டம். வந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் வந்தவர்களின் கணக்கு மட்டும்தான் முகாம் நோட்டில் இருக்கும். எனவே லண்டனைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் அரவிந்தைச் சேர்ந்தவர்களும், முகாம் நடந்த கிராமங்களுக்குப் போய்ப் பொதுவாக மக்களைக் கணக்கெடுத்தார்கள். 1999-ல் வெளிவந்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. கண் கோளாறு இருந்த பெரியவர்களில் 100-க்கு 7 பேர்கூட முகாமுக்கு வந்திருக்கவில்லை.

பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு இப்படி ஒரு எண்ணைப் பார்ப்பது எளிதில்லை. கணக்கு தப்பு என்று வாதாடலாம். வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளலாம். அரவிந்த் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு நாள் மட்டும் நடக்கும் முகாமால் எல்லோரையும் எட்ட முடியாது, ஆண்டு முழுவதும் பக்கத்திலேயே ஒரு இடம் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. 2004 முதல் சிறு ஊர்களில் 'பார்வை மையங்கள்' திறக்கப்பட்டன. சுமார் 50,000 பேர் வாழும் ஒரு வட்டாரத்துக்கு ஒரு மையம். பயிற்சி பெற்ற ஊழியர்கள் அங்கே கண்ணைப் பரிசோதிப்பார்கள். பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் இன்டர்நெட் வழியாக நோயாளியோடு பேசி ஆலோசனை சொல்வார். இன்று அத்தகைய மையங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன.

மூன்றாவது: ஒவ்வொரு ஆபரேஷனும் பதிவு

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் கிருமி தொற்றுவது மிக அரிது. ஆனால் தொற்றினால் பார்வையே போய்விடலாம். ஆபரேஷன் முடிக்கும்போது கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் என்ற மருந்தைச் செலுத்தினால் இது குறையுமா என்பது கேள்வி. அரிதாக நடப்பதைப் பத்து நூறு நோயாளிகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அரவிந்தில் எல்லா ஆபரேஷன்களும் அவற்றின் விளைவுகளும் பதிவாகி இருந்ததால், 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை அலசிப் பார்க்க முடிந்தது. மருந்து செலுத்தாதபோது 10,000 பேரில் சுமார் 7 பேருக்கு வந்த தொற்று, செலுத்தியபோது சுமார் 2 பேருக்கு மட்டுமே வந்தது. 2017-ல் வெளியான இந்த முடிவை உலகெங்கும் கண் டாக்டர்கள் கவனித்தார்கள்.

ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் ஒரு வரி எழுதிய ஊழியர்களுக்கு அது என்றாவது ஒருநாள் யாருடைய கண்ணையாவது காப்பாற்றும் என்று அன்றே தெரிந்திருக்காது. பதிவின் பலன் பல நேரம் தாமதமாகத்தான் தெரியும்.

நம் காஞ்சிபுரத்துக் கடைக்கு இதில் என்ன இருக்கிறது?

காந்தி ரோட்டுப் பட்டுக் கடையாக இருந்தாலும், தெருமுனை மளிகைக் கடையாக இருந்தாலும், பில் புத்தகம் சொல்வது வாங்கியவர்களைப் பற்றி மட்டும்தான். "இந்தக் கலரில் இருக்கிறதா?" என்று கேட்டு, இல்லை என்றதும் இறங்கிப் போனவரைப் பற்றி எந்தப் பில்லிலும் இருக்காது. முகாம் நோட்டில் வராதவர்கள் இல்லாதது போலத்தான் இதுவும்.

அதற்கு ஒரு சின்ன வழி உண்டு. கல்லாப் பக்கத்தில் 'இல்லை நோட்டு' என்று ஒரு நோட்டு வையுங்கள். யார் எதைக் கேட்டு நாம் இல்லை என்றோமோ, அதை ஒரே வரியில் எழுத வேண்டும்: தேதி, கேட்ட பொருள், எதிர்பார்த்த விலை. பெயர், போன் நம்பர் எதுவும் வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் படித்தால் எதை வாங்கி வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

பட்டுத் தொழிலில் இது இன்னும் முக்கியம். ஒரு பாவு பூட்டினால் பொதுவாக மூன்று புடவை வரை அதே பாவில்தான் நெய்தாக வேண்டும். கலரைத் தவறாக முடிவு செய்தால் ஒன்று இல்லை, மூன்று புடவை தேங்கும். ஜரிகையின் விலையோ தங்கம், வெள்ளி விலையோடு ஏறி இறங்கும். தேங்கிய ஒவ்வொரு புடவையிலும் முதலாளியின் பணம் மட்டும் இல்லாமல் நெசவாளியின் அடுத்த வேலையும் முடங்கிக் கிடக்கிறது. சரக்கு விற்காத முதலாளி அடுத்த பாவு கொடுக்கத் தயங்குவார், தறி சும்மா நிற்கும். அதனால் சரக்கு உள்ளே வந்த தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் தாண்டியும் அலமாரியில் இருப்பவற்றை மாதம் ஒருமுறை தனியே எடுத்துப் பாருங்கள். அவற்றுக்குள் பொதுவான ஏதோ ஒன்று இருக்கும்: ஒரே கலர், ஒரே விலை, அல்லது ஒரே இடத்திலிருந்து வந்த சரக்கு.

அனுபவம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்த மாதம் முகூர்த்தம், எப்போது ஆடி மந்தம் என்பது நம் பெரியவர்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது. எந்தக் கேள்வியைக் கேட்பது என்று அனுபவம் சொல்லும், அதற்கான பதில் சரியா என்று கணக்கு சொல்லும். இரண்டும் வேண்டும்.

தொடங்குவது எப்படி?

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள். "எல்லாவற்றையும் பதிவு செய்வோம்" என்று தொடங்குபவர்கள் இரண்டாம் மாதமே விட்டுவிடுவார்கள். இந்த ஆண்டு எதைத் தெரிந்துகொண்டால் நமக்கு நல்லது என்று யோசித்து, மூன்று அல்லது நான்கு எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சொல்லின் பொருளை ஒன்றாக்குங்கள். 'விற்பனை' என்றால் ஆர்டர் வந்ததா, பணம் வந்ததா? அண்ணன் ஒன்றையும் தம்பி இன்னொன்றையும் எண்ணினால் இருவருடைய கணக்கும் சரியாக இருந்தும் சண்டைதான் வரும்.

ஏற்கெனவே கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். ஜிஎஸ்டி கட்டுபவர்களிடம் மாதாந்திர விற்பனைக் கணக்கு தயாராக இருக்கிறது. க்யூஆர் கோடு வழியாக வரும் பணத்துக்கு நாளும் நேரமும் பதிவாகிறது. எந்தக் கிழமை, எந்த நேரம் கூட்டம் என்பதை அதிலேயே பார்க்கலாம். நோட்டில் இருப்பதை எக்செல் தாளில் ஏற்ற, வீட்டில் பி.காம். படிக்கும் மகளோ மகனோ போதும். விலை உயர்ந்த சாஃப்ட்வேர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாதத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்து எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு முடிவாவது எடுங்கள். முடிவுக்கு உதவாத எண்ணை அடுத்த மாதம் எழுத வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, குறையைச் சொல்பவரைக் கடிந்துகொள்ளாதிருப்பது. விற்பனை குறைந்தது என்று எழுதிய ஊழியர் திட்டு வாங்கினால், அடுத்த மாதம் அவர் நல்ல எண்ணைத்தான் எழுதுவார், உண்மையை எழுத மாட்டார். நூற்றுக்கு 7 என்ற எண்ணைக் கொண்டுவந்தவர்களை அரவிந்த் திட்டி அனுப்பியிருந்தால் பார்வை மையங்கள் வந்திருக்காது.

அறப்பணிக்கும் இதே அளவுகோல்

நம் ஜமாஅத்துகளிலும் பைத்துல்மால்களிலும் அறக்கட்டளைகளிலும் உதவி பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. எத்தனை மாணவர்களுக்குக் கல்வி உதவி, எத்தனை பேருக்கு மருத்துவ உதவி என்று ஆண்டறிக்கையில் படிக்கிறோம். ஆனால் கேட்க வெட்கப்பட்டவர், விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர், அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் வேலைக்குப் போயிருந்தவர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். கணவரை இழந்து, வாசலுக்கு வரத் தயங்கும் ஒரு தாயின் பெயர் அதில் இருக்காது. தேவை அதிகம் உள்ளவர்களே பல நேரம் வராதவர்களாக இருக்கிறார்கள்.

இதற்குப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை. ஒரு தெருவில் பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் படிப்பை நிறுத்தியவர்கள் எத்தனை பேர், நம்மிடம் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்கள் போதும். விண்ணப்பிக்காத வீடுகளுக்குப் போய், "ஏன் வரவில்லை?" என்று மரியாதையோடு கேட்க வேண்டும். பெண்கள் இருக்கும் வீட்டில் பெண்களே போய்க் கேட்பது நல்லது. அந்தப் பதில்கள் நம் அலுவலக நேரத்தையோ விண்ணப்பப் படிவத்தையோ மாற்றச் சொல்லலாம். மாற்றத் தயாராக இருந்தால் மட்டும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஏழைக் குடும்பத்தின் விவரம் ஒரு அமானிதம். பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், உதவி வாங்குபவரைப் போட்டோ எடுத்துப் பரப்புவதும் கூடாது. மற்றவர்களின் தனிப்பட்ட விவரங்களை டிஜிட்டல் முறையில் கையாளுபவர்களுக்கு 2023-ல் மத்திய அரசு ஒரு சட்டமும் கொண்டுவந்திருக்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று, தேவையானதை மட்டும் எழுதி, ஒரு பொறுப்பாளரிடம் பூட்டி வைக்க வேண்டும். கூட்டத்தில் பேசுவதற்கு எண்ணிக்கை போதும், பெயர் தேவையில்லை.

இன்றைக்கு ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். கடைக்காரர் என்றால், "வாங்காமல் போனவர் எதைத் தேடினார்?" அறப்பணி செய்பவர் என்றால், "நம்மிடம் வராதவர் யார்?" இரண்டாம் பக்கத்திலிருந்து பதில்களை எழுதி, அடுத்த மாதம் இதே தேதியில் எடுத்துப் படியுங்கள், இன்ஷா அல்லாஹ்.