கிரெடிட் கார்டும் சில்லறைத் திருட்டும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்ய வரும் ஆய்வாளர், பத்து ரூபாய் வித்தியாசத்துக்காக அரை நாள் உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டுவதைக் கண்டு நம் அங்கத்தினர்களில் சிலர் நகைப்பதுண்டு. "அந்தப் பத்து ரூபாயை நானே போட்டுவிடுகிறேன், ஐயா, கணக்கை முடித்துவிடுங்கள்" என்று நெசவாளர் சங்கக் காரியதரிசி ஒருவர் ஒருமுறை என்னிடம் கூறினார். பத்து ரூபாய் முக்கியமன்று, அது எந்த வழியாகப் போயிற்று என்பதே முக்கியம் என்று நான் அவருக்கு விடையளித்தேன்.

ஊருக்கு இவ்வாறு உபதேசம் செய்த நான், என் சொந்தக் கணக்கில் செய்த பிழையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். என் கிரெடிட் கார்டின் மாதக் கணக்கில், அறிமுகமில்லாத ஒரு வெளிநாட்டு வணிகரின் பெயரில், 83 ரூபாய், 84 ரூபாய் என்று ஐந்து மாதங்கள் தொடர்ந்து ஒரு பற்று வந்திருந்தது. ஏதேனும் வரியாகவோ கட்டணமாகவோ இருக்கும் என்று எண்ணி, மொத்தத் தொகையைச் செலுத்திக்கொண்டே வந்தேன். ஆறாம் மாதம் அதே பெயரில் 8,412 ரூபாய் பற்று எழுதப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தபோதுதான் விழித்துக்கொண்டேன். அன்றே வங்கிக்குத் தெரிவித்ததால் அந்தப் பெருந்தொகை திரும்பக் கிடைத்தது. முன்னே சென்ற சிறு தொகைகள் ஐந்தும் கிடைக்கவில்லை. காலம் கடந்துவிட்டது என்று வங்கி கூறியது. அது கூறியதில் தவறும் இல்லை.

இன்று நம் அங்கத்தினர் பலருடைய கைகளில் ஏதேனும் ஓர் அட்டை இருக்கிறது. விவசாயிகளுக்கான கிசான் கிரெடிட் கார்டும் ரூபே அட்டையாக வழங்கப்பட்டு வருகிறது. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நம் எல்லோருக்கும் பயன் தரும்.

திருடன் ஏன் சிறு தொகையை எடுக்கிறான்?

அட்டையின் எண், அது காலாவதியாகும் மாதம், பின்புறத்திலுள்ள மூன்று இலக்க இரகசிய எண் ஆகிய மூன்றும் பிறர் கைக்குக் கிடைத்துவிட்டால், அட்டை நம் பெட்டியில் பத்திரமாக இருக்கும்போதே அதன்மீது பற்று எழுத முடியும். நம் நாட்டு வணிகரிடம் இணையத்தின் மூலம் பொருள் வாங்கும்போது, பொதுவாக நம் தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் தர வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் அந்த எண்ணைக் கேளாமலே வியாபாரம் நடந்துவிடுகிறது. திருடப்பட்ட அட்டை எண்கள் பெரும்பாலும் அத்தகைய இடங்களிலேயே பயன்படுகின்றன.

சிறு பற்றுகள் மூன்று வகைப்படும். முதல் வகை, சோதனைப் பற்று. திருடிய எண்களில் எவை உயிருடன் இருக்கின்றன என்று திருடனுக்குத் தெரியாது. ஒரு டாலரோ அதனினும் குறைவாகவோ பற்று எழுதிப் பார்த்து, அது நிறைவேறினால் பின்னர்ப் பெருந்தொகையில் கை வைக்கிறான். என் அட்டையில் நேர்ந்தது இதுவே. இரண்டாம் வகையில் சிறு தொகையே கொள்ளை. பலரிடமிருந்து சிறிது சிறிதாக எடுப்பதே இதன் தந்திரம். மூன்றாம் வகை, சந்தாப் பொறி. ஒரு மாதம் இலவசம் என்று சொல்லி அட்டை எண்ணை வாங்கிக்கொண்டு, பின்னர் மாதந்தோறும் பற்று எழுதுவது. இதற்கு நாமே அறியாமல் சம்மதம் கொடுத்திருக்கக்கூடும் என்பதே இதிலுள்ள சங்கடம்.

அமெரிக்காவில் நடந்தது

இரண்டாம் வகைக்கு அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு வழக்கு தக்க சான்றாகும். அந்நாட்டின் பெடரல் வர்த்தக ஆணையம் 2010-ஆம் ஆண்டில் இவ்வழக்கைத் தொடுத்தது. முகம் தெரியாத சிலர் போலிக் கம்பெனிகளைப் பதிவு செய்து, நூற்றுக்கு மேற்பட்ட வணிகப் பெயர்களில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளின்மீது பற்று எழுதியிருந்தனர். ஒவ்வொரு பற்றும் 20 சென்ட் முதல் 10 டாலர் வரையிலான தொகையே. பல ஆண்டுகளில் இவ்வாறு சேர்ந்தது ஏறத்தாழ ஒரு கோடி டாலர். வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க உத்தியோகம் என்று மின்னஞ்சலில் ஆசை காட்டி அமர்த்தப்பட்ட ஆட்களின் வங்கிக் கணக்குகள் வழியாக அப்பணம் வெளிநாடுகளுக்குச் சென்றது.

இவ்வழக்கில் நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அப்பற்றுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பற்றுகளைப் பற்றி அட்டைக்காரர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாதக் கணக்கில் தவறு கண்டால் 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கும் உரிமையை அந்நாட்டில் 1974-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று அளித்திருந்தது. சட்டம் இருந்தது, கேட்பார் இல்லை. சிறு துளி பெருவெள்ளம் என்ற மொழியை நம் சங்கங்கள் சிக்கனத்துக்குப் பாடமாகக் கொண்டன. அதே பாடத்தைத் திருடனும் கற்று வைத்திருக்கிறான்.

கண்டுபிடிப்பது எவ்வாறு?

வரப்பில் நண்டு வளை வைத்தால், வயலில் நீர் வற்றிய பிறகு தேடுகிறவன் நல்ல விவசாயி ஆகமாட்டான். வரப்பின்மேல் நடந்து பார்ப்பவனுக்கே அது தென்படும். அட்டைக் கணக்கும் அப்படியே. மொத்தத் தொகையை மட்டும் நோக்காமல், மாதக் கணக்கின் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். கையிலுள்ள ரசீதுகளோடும் தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்திகளோடும் ஒப்பிட்டு, சரியானவற்றுக்கு எதிரே ஒரு கோடு போடலாம். கோடு விழாத வரிகளே நம் கவலைக்கு உரியவை.

அறிமுகமில்லாத வரி ஒவ்வொன்றும் திருட்டு என்று பதறவும் வேண்டாம். கடையின் பெயர்ப்பலகையில் ஒரு பெயரும், வங்கிக் கணக்கில் அதன் உரிமையாளர் கம்பெனியின் பெயரும் இருப்பது சாதாரணம். வருடாந்தரக் கட்டணம், வட்டி, அவற்றின்மீதான ஜி.எஸ்.டி. வரி, பெட்ரோல் வாங்கியதற்கான கூடுதல் கட்டணம் ஆகியவை தனித்தனி வரிகளாக வரும். சில நிறுவனங்கள் அட்டையைப் பதிவு செய்யும்போது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எடுத்துச் சரிபார்த்துத் திருப்பித் தருவதும் உண்டு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் காரணம் கூற முடியும். காரணம் கிடைக்காத பற்று ஒரு ரூபாயானாலும் அதைப் பற்றி வங்கியைக் கேட்டே தீர வேண்டும்.

முன்கூட்டிய காப்பு

ரிசர்வ் வங்கி 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் பிறப்பித்த ஆணைப்படி, இணைய வியாபாரம், வெளிநாட்டு வியாபாரம், அட்டையைச் செருகாமல் தொட்டுச் செலுத்துதல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே திறக்கவும் மூடவும், தொகைக்கு வரம்பு வைக்கவும் அட்டைக்காரருக்கு வசதி செய்து தரப்பட்டது. வெளிநாட்டில் ஒன்றும் வாங்காதவர் அந்த வாயிலை மூடி வைப்பதே விவேகம். நான் அதை மூடி வைத்திருந்தால் இக்கட்டுரைக்கே இடம் இருந்திராது.

ஒவ்வொரு பற்றுக்கும் குறுஞ்செய்தி வருமாறு தொலைபேசி எண்ணைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எண்ணை மாற்றினால் வங்கிக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். இணையத்தில் வாங்குவதற்குத் தாழ்ந்த வரம்புள்ள அட்டை ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம். கடையில் பணம் செலுத்தும்போது அட்டையைக் கண்பார்வைக்கு அப்பால் எடுத்துச் செல்ல விடலாகாது. இலவசச் சந்தாவில் சேர்ந்தால், அது முடியும் நாளைக் காலண்டரில் குறித்து வைத்து, வேண்டாதபோது முன்னதாகவே ரத்துச் செய்துவிட வேண்டும்.

மூன்று நாட்களின் மதிப்பு

சந்தேகப் பற்று கண்ணில் பட்டதும் செய்ய வேண்டியவை சிலவே. அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள எண்ணில் வங்கியை அழைத்து அட்டையை நிறுத்த வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்களை நம்பலாகாது. அவற்றில் போலி எண்களும் கலந்திருக்கின்றன. புகார் எண்ணைப் பெற்று, தேதியுடன் குறித்துக்கொண்டு, எழுத்து மூலமும் தெரிவிக்க வேண்டும். 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி யாரேனும் அழைத்து ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால், அவர் வங்கியைச் சேர்ந்தவர் அல்லர் என்று உறுதியாகக் கொள்ளலாம்.

இதில் காலமே பிரதானம். ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கையில் இதற்கு விதி வகுத்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அவ்வாண்டு டிசம்பரில் தனிச் சுற்றறிக்கை வந்தது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் குற்றமில்லாமல் மூன்றாம் நபரால் நஷ்டம் நேர்ந்தால், வங்கியிடமிருந்து செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் ஏதும் இல்லை என்று அவ்விதி கூறியது. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால், சேமிப்புக் கணக்குக்கும் ஐந்து லட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கடன் அட்டைக்கும் 10,000 ரூபாய் வரையிலான நஷ்டத்தை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும். ஏழு நாட்கள் கடந்தால், அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவு செய்யப்படும். இரகசிய எண்ணைத் தாமே பிறருக்குச் சொல்லியவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் நஷ்டம் முழுவதையும் தாமே ஏற்க வேண்டும்.

இவ்விதியைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இரண்டு லட்சம் ரூபாய் இழந்தவர் ஐந்தாம் நாள் தெரிவித்தாலும், 10,000 போகப் பெரும்பகுதி அவருக்குத் திரும்பிவிடும். 84 ரூபாய் இழந்தவர் அதே ஐந்தாம் நாள் தெரிவித்தால், அந்த 84 ரூபாயும் 10,000-த்துக்கு உட்பட்டதாகையால், முழுவதும் அவர் நஷ்டமே. ஆகவே சிறு தொகைக்கு முழுக் காப்பு முதல் மூன்று நாட்களில்தான். சிறியது என்று ஒத்திப் போடுவதே சிறு தொகையை இழக்கும் வழி. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், இப்போது நடைமுறையிலுள்ள கெடுவைத் தத்தம் வங்கியிலேயே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்வது நலம். வங்கி 30 நாட்களுக்குள் விடையளிக்காவிட்டாலும், அளித்த விடை திருப்தி தராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கேட்பதும் ஒரு கூட்டுறவே

84 ரூபாய்க்காக வங்கிக்கு அலைவது லாபமா என்று கேட்கலாம். தனி மனிதனின் கணக்கில் அது லாபமாகத் தோன்றாது. ஆனால் ஒருவர் புகார் செய்தால் அவருடைய 84 ரூபாய் மட்டுமா காப்பாற்றப்படுகிறது? ஒரே பெயரின் மீது பத்துப் பேர் புகார் எழுதினால் வங்கி அப்பெயரைக் கவனிக்கும். அதே வலையில் விழ இருந்த மற்றவர்களும் தப்புவார்கள். எல்லோரும் மௌனமாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையை மூலதனமாகக் கொண்டே இத்திருட்டு நடக்கிறது. அந்த மூலதனத்தை அவர்களுக்கு நாம் தரவேண்டியதில்லை.

எழுத்தறியாத அங்கத்தினர் யாரேனும் அட்டைக் கணக்கைப் படித்துச் சொல்லுமாறு கேட்டால், படித்தவர்கள் சலிப்பின்றிப் படித்துச் சொல்ல வேண்டும். ஆனால் இரகசிய எண்ணையும் ஓ.டி.பி. எண்ணையும் அவர்களும் கேட்கலாகாது, இவர்களும் சொல்லலாகாது. மாதக் கூட்டம் முடிந்தபின் கால் மணி நேரம் இதற்கென ஒதுக்கினாலும் போதும்.

பத்து ரூபாயைத் தாமே போட்டுவிடுவதாகச் சொன்ன காரியதரிசியை அண்மையில் மறுபடியும் சந்தித்தேன். என் 84 ரூபாய்க் கதையைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து சென்று, அலமாரியிலிருந்து தம் அட்டையின் மாதக் கணக்கை எடுத்து வந்து என் எதிரில் விரித்தார். இருவரும் சேர்ந்து வரி வரியாகப் பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தன.