பொதுப் பூங்காக்களில் நாய்கள்

பொதுப் பூங்காக்களில் நாய்களை அனுமதிப்பதா, தடுப்பதா என்பது நகர நிர்வாகங்கள் பலவும் எதிர்கொள்ளும் கேள்வியாகும். முழுத் தடை, சங்கிலியுடன் மட்டும் அனுமதி, குறித்த நேரத்தில் மட்டும் அனுமதி, வேலியிட்ட தனி நாய்ப் பூங்கா என நான்கு வகை ஏற்பாடுகள் உலக நகரங்களில் நடைமுறையில் உள்ளன. இந்திய நகரங்களில் வளர்ப்பு நாய்களோடு தெருநாய்களும் பூங்காக்களில் வாழ்வதால், இங்கு இக்கேள்வி மேலும் சிக்கலாகிறது.

ஆதரவுக் கருத்துகள்

அடுக்குமாடி வீடுகளில் வளரும் நாய்களுக்கு நாள்தோறும் நடையும் ஓட்டமும் தேவை. போதிய ஓட்டம் இல்லாத நாய் ஓயாமல் குரைப்பதும், பொருட்களைக் கடித்துக் குதறுவதும் உண்டு. நடைபாதை சரியில்லாத நகரத்தில் பூங்காவும் மூடப்பட்டால், போக்குவரத்து நிறைந்த சாலை ஒன்றே மிஞ்சும். குட்டிப் பருவத்திலேயே பிற மனிதர்களையும் நாய்களையும் பழகிய நாய், அந்நியரைக் கண்டு மிரளுவது குறைவு. நாய் வளர்ப்போரும் வரி செலுத்துவோரே என்பதும் இத்தரப்பின் வாதமாகும்.

எதிர்ப்புக் கருத்துகள்

பூங்காவை மிகுதியாகப் பயன்படுத்துவோர் சிறுவர்களும் முதியவர்களும் ஆவர். சிறுவர்களின் முகம் நாயின் வாய்க்கு அருகில் இருப்பதால், அவர்கள் கடிபடும்போது தலையிலும் கழுத்திலும் காயம் ஏற்படும் வாய்ப்பு அதிகம். ஓடிவரும் நாய் கடிக்காவிட்டாலும், அதைக் கண்டு தடுமாறி விழும் முதியவருக்கு எலும்பு முறியலாம். நாயைக் கண்டால் அஞ்சுவோர் பூங்காவுக்கு வருவதையே நிறுத்திவிடுவர். அவர்களுக்கு அது பொது இடமாக இல்லாமல் போகிறது.

நலவாழ்வுச் சிக்கல்கள்

நாயின் மலத்தில் உள்ள டாக்சோகாரா என்ற உருண்டைப் புழுவின் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. மண்ணில் விளையாடிய கையைச் சிறுவர் வாயில் வைக்கும்போது இவை உடலுக்குள் செல்கின்றன. அரிதாகக் கண்பார்வையும் பாதிக்கப்படுகிறது. புதிய மலத்தில் உள்ள முட்டைகள் உடனே தொற்றுவதில்லை. அவை முதிர்வதற்குச் சில வாரங்கள் ஆகும். எனவே மலத்தை அன்றன்றே அகற்றினால் இத்தொற்றைப் பெரிதும் தவிர்க்கலாம். நாய்க்குக் காலந்தவறாமல் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதும் உதவும்.

ரேபிஸ் எனப்படும் வெறிநோய் இதைவிடக் கொடியது. அறிகுறி தோன்றியபின் மரணம் ஏறக்குறைய உறுதி. ஆயினும் கடிபட்ட உடனே காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, மருத்துவர் கூறும் தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொண்டால் இந்நோயைத் தடுக்க முடியும்.

பிற நகரங்களின் வழிமுறைகள்

நியூயார்க் நகரில் நாய்க் கழிவை உரிமையாளரே அள்ள வேண்டும் என்ற சட்டம் 1978-இல் நடைமுறைக்கு வந்தது. அந்நகரின் குறிப்பிட்ட பூங்காப் பகுதிகளில் காலை 9 மணி வரையும் இரவு 9 மணிக்குப் பிறகும் நாய்களைச் சங்கிலியின்றி விடலாம். மற்ற நேரங்களில் சங்கிலி கட்டாயம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1979-இல் தொடங்கிய ஓலோனி நாய்ப் பூங்கா, அமெரிக்காவின் முதல் நாய்ப் பூங்காவாகப் பரவலாகக் கருதப்படுகிறது. சிங்கப்பூரில் சில பூங்காக்களுக்குள் வேலியிட்ட நாய் ஓட்டப் பகுதிகள் உள்ளன.

இந்தியாவில் ஐதராபாத் மாநகராட்சி, கொண்டாப்பூரில் குப்பை கொட்டப்பட்டு வந்த சுமார் 1.3 ஏக்கர் நிலத்தை நாய்ப் பூங்காவாக மாற்றி 2018-இல் திறந்தது. பெங்களூரு கப்பன் பூங்காவில் 2022-இல் வளர்ப்பு நாய்களைத் தடை செய்யும் முயற்சி கடும் எதிர்ப்பால் நிறுத்தி வைக்கப்பட்டது.

சென்னை

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், சங்கிலியின்றி வந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. தலையில் பலத்த காயமடைந்த சிறுமிக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். இந்நிகழ்வுக்குப் பிறகு உரிமம், சங்கிலி, வாய்மூடி ஆகியவை குறித்த விதிகளை மாநகராட்சி வலியுறுத்தத் தொடங்கியது. உரிமம் பெறாமல் நாய் வளர்ப்போருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படும் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது.

சட்ட நிலை

விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறும் உரிமையாளருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

தெருநாய்களுக்கு வேறு விதிகள் பொருந்தும். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், அவற்றுக்குக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன. சிறுவர் விளையாடும் இடங்களுக்கு அருகில் உணவிடும் இடம் அமையக் கூடாது என்பதும் இவ்விதிகளில் உண்டு. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், தொடர்வண்டி நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. இந்தப் பட்டியலில் பூங்காக்கள் தனியாகக் குறிப்பிடப்படவில்லை.

நடைமுறைத் தேவைகள்

வாயிலில் தடைப் பலகை வைப்பதால் வளர்ப்பு நாய்களை மட்டுமே நிறுத்த முடியும்; மதிலின் இடைவெளி வழியே வரும் தெருநாயை அது நிறுத்தாது. அனுமதி அளித்தாலும் சிக்கல் உண்டு. பூங்காவைத் தன் எல்லையாகக் கொண்ட தெருநாய்க் கூட்டம், சங்கிலியில் வரும் புதிய நாயைக் கண்டு சீறிப் பாயும். ஆகவே தடையோ அனுமதியோ, எதுவாயினும் அப்பகுதித் தெருநாய்களின் கருத்தடையும் தடுப்பூசியும் முதலில் முடிய வேண்டியவை ஆகும்.

தனி நாய்ப் பகுதி அமைக்கும்போது, ஒன்றைச் சாத்திய பின்னரே அடுத்ததைத் திறக்கும் இரட்டைக் கதவு, சிறிய நாய்களுக்கும் பெரிய நாய்களுக்கும் தனித்தனி இடம், நிழல், குடிநீர், கழிவுத் தொட்டி ஆகியவை அடிப்படைத் தேவைகளாகும். இதற்கு இடமில்லாத சிறிய பூங்காக்களில், சிறுவர் பகுதியை வேலியால் பிரித்து, நாய்களுக்கு அதிகாலையில் மட்டும் நேரம் ஒதுக்குவது குறைந்த செலவிலான மாற்றாகும். அந்நேரத்தில் பொறுப்பான காவலர் ஒருவர் பூங்காவில் இருப்பது அவசியம்.